ஹோசியர் கச்சேரியில் எல்லாரும் அழுகிறார்களாமே, உண்மையா?

கேள்வி, நவம்பர் 3

மகள் டப்ளினில் நர்ஸ். நானும் அவள் அம்மாவும் மூன்று மாத விசாவில் வந்திருக்கிறோம். ஹோசியர் என்று ஒரு ஐரிஷ் பாடகராம். அடுத்து எப்போது இங்கே பெரிய அரங்கில் பாடினாலும் எங்களையும் கூட்டிக்கொண்டு போயே தீருவேன் என்கிறாள். அவளுடைய தோழிகள் எல்லாரும் போய் அழுதுவிட்டு வந்தவர்களாம். ஆயிரக்கணக்கில் ஆள் நிற்கிற கொட்டகையில் கிட்டாரும் கையுமாக ஒருத்தர் பாடி எப்படி அழவைக்க முடியும்? விளம்பரப் பேச்சு என்றுதான் தோன்றுகிறது. எனக்கு இளையராஜாவைத் தாண்டிப் பழக்கமில்லை. போகலாமா?

நவம்பர் 3, இரவு

போங்க அண்ணே. ஆனால் அழுவதற்காகப் போகாதீர்கள். அந்த எண்ணத்தோடு போகிறவர்களுக்குக் கண்ணில் ஒரு சொட்டு வராது, பக்கத்து ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் பாட்டுக்காரன் இல்லை, மைக் செட்காரன். இருபது வயது வரைக்கும் மதுரைப் பக்கம் திருவிழாக்களில் குழாய் கட்டி, வயர் இழுத்து, ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே தூங்கினவன். இப்போது இங்கே வேறு வேலை. இருந்தாலும் அரங்குக்குள் போனால் முதலில் கண் போவது மேடைக்கு இல்லை, மேலே தொங்குகிற ஸ்பீக்கர் வரிசைக்குத்தான். அதனால் நான் சொல்வதை அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் யார் என்று கேட்டால்: ஆண்ட்ரூ ஹோசியர்-பைர்ன், 1990இல் பிறந்தவர், டப்ளினுக்குத் தெற்கே விக்லோ மாவட்டம். அப்பா ப்ளூஸ் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். மகன் டிரினிட்டி கல்லூரியில் இசை படிக்கச் சேர்ந்து, பாட்டுப் பதிவு செய்வதற்காகப் பாதியில் விட்டவர். இருபது வயதை ஒட்டி 'அனூனா' என்கிற ஐரிஷ் சேர்ந்திசைக் குழுவில் பாடினார். கடைசியில் சொன்னதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். இது கிட்டாரும் கையுமான ஒற்றை ஆள் கச்சேரி இல்லை. மேடையில் ஒரு கூட்டமே நிற்கும், அதில் பாதிப் பேருக்கு முன்னால் மைக் இருக்கும். வாசித்துக்கொண்டே பாடுவார்கள். குரல்மேல் குரலாக அடுக்குவது அந்த ஆளுக்குக் கைவந்த கலை.

'அன்ரியல் அன்எர்த்' (2023) என்ற மூன்றாவது ஆல்பத்தின் பயணத்தில் பார்த்தேன். இத்தாலியக் கவிஞர் தாந்தே எழுதிய நரகத்தை வட்டம் வட்டமாக இறங்கி ஏறுகிற மாதிரி கட்டப்பட்ட ஆல்பம், பெருந்தொற்று அடைப்புக் காலத்தில் பிறந்தது. அதன் முதல் பாட்டு மெல்ல ஆரம்பித்து ஐரிஷ் மொழியில் போய் முடியும். டப்ளினிலேயே கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்த வரிகள் முழுசாகப் புரியாது. ஆகவே புரியுமா என்ற கவலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நவம்பர் 3, இன்னும் இரவு

கீழே ஒருவர் 'ஸ்காட்லாந்துக்காரர்தானே' என்று எழுதியிருக்கிறார். அவர் வேறு ஆள், இவர் வேறு ஆள். இன்னொருவர் 'பிரிட்டிஷ் பாடகர்' என்று போட்டிருக்கிறார். அதை டப்ளின் டாக்ஸியில் உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள், இறங்கும் வரைக்கும் வரலாற்று வகுப்பு நடக்கும், மீட்டரும் ஓடும்.

நவம்பர் 5

நேற்று ராத்திரி ஷிஃப்டில் யோசித்துக்கொண்டிருந்தேன். 'எப்படி முடியும்' என்று அண்ணன் கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை. சொல்கிறேன், கொஞ்சம் கணக்கு வரும்.

இங்கே இருக்கும் த்ரீ அரீனா பழைய ரயில்வே சரக்குக் கிடங்கு, 1878இல் கட்டியது. 1988இல் 'தி பாயின்ட்' என்ற பெயரில் கச்சேரி அரங்கானது. ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டி 1994இல் அங்கேதான் நடந்தது, இடைவேளையில் ரிவர்டான்ஸ் என்கிற ஐரிஷ் நடனம் ஆடி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்ததும் அந்த மேடையில்தான். 2008இல் உள்ளே எல்லாவற்றையும் இடித்து, இருக்கைகளை விசிறி போல் மேடையைச் சுற்றித் திருப்பினார்கள். கொள்ளளவு 13,000. இருந்தாலும் கடைசி இருக்கைக்கும் மேடைக்கும் 60 மீட்டர்தான்.

60 மீட்டர் என்றால் சத்தம் போய்ச் சேர ஏறத்தாழ 0.17 நொடி. கண் சிமிட்டுகிற நேரம்தானே என்பீர்கள். வேகமான பாட்டில் அது தாளத்தில் அரைத் தட்டையே விழுங்கிவிடும். முன்வரிசை கைதட்டி முடித்திருக்கும், பின்வரிசை அப்போதுதான் தட்டும், நடுவில் நிற்கிறவனுக்கு அரிசியைத் தகரத்தில் கொட்டின சத்தம்தான் கேட்கும். மெதுவான பாட்டில் அதே தாமதம் நல்லது செய்யும். நீட்டி இழுக்கிற சொற்களில் முன்னால் இருப்பவரின் குரலும் பின்னால் இருப்பவரின் குரலும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். யார் சுருதி விலகினார், யார் பிந்தினார் என்று எதுவும் தெரியாது. பாடத் தெரியாத பத்தாயிரம் பேர் சேர்ந்து பாடினால் சுருதி சேர்ந்ததுபோலவே காதுக்குக் கேட்கும்.

ஹோசியரின் பெரிய பாட்டுகள் பெரும்பாலும் இந்த வேகத்தில்தான் நடக்கின்றன. தேவாலயமோ கிடங்கோ, எதிரொலி உள்ள இடத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்தவை. சின்ன அறையில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டபோது 'ஒர்க் சாங்' எனக்குச் சாதாரணமாகத்தான் பட்டது. அரங்கில் கடைசிப் பாட்டாக வந்தது. காலால் தரையை மிதிக்கிற சத்தம் கான்கிரீட் வழியாகவே ஏறி வந்தது. புதைத்தாலும் எழுந்து அவளிடமே வருவேன் என்கிற பாட்டு அது. எனக்கு முன்வரிசையில் நின்ற, ரக்பி ஆடுகிற உடம்புக்காரர் ஒருவர், பீர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாடகர்கள் காதில் ஒரு கருவியைச் செருகியிருப்பார்களே, அது வெளிச் சத்தத்தை அடைத்துவிடும். அதனால் கூட்டத்தின் பாட்டைப் பிடிக்கத் தனியாக மைக் வைத்து அவர்கள் காதுக்கு அனுப்புவார்கள். அது போதாமல் சிலர் ஒரு பக்கத்தைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பாடுவார்கள். அப்படிக் கழற்றுகிறார் என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், 'இப்போ நம்மளைக் கேட்கிறார்' என்று.

நவம்பர் 6

'ஒரு குத்துப்பாட்டு கூடக் கிடையாதா' என்று கேட்டவருக்கு: உண்டு. 'டூ ஸ்வீட்'. பேஸ் கிட்டார் நெஞ்சில் வந்து இடிக்கும். விடியற்காலையில் எழுந்து ஒழுங்காக வாழ்கிற காதலியிடம், நீ எனக்கு ரொம்ப இனிப்பு, எனக்குக் கசப்புக் காப்பியும் ராத்திரி விஸ்கியும் போதும் என்கிற ஆளின் பாட்டு. ஆல்பத்தில் இடம் பிடிக்காமல் ஒதுங்கியது, 2024 மார்ச்சில் தனியாக வந்தது, ஏப்ரலில் அமெரிக்கப் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் முதலிடம். 1990இல் ஷினேட் ஓ'கானர் அங்கே ஏறியதற்குப் பிறகு அயர்லாந்தில் இருந்து வேறு யாரும் அந்த இடத்தைத் தொடவில்லை. இந்தப் பாட்டுக்கு யாரும் அழுவதில்லை. பீர் வாங்கப் போனவர்கள்தான் திரும்பி ஓடிவருவார்கள்.

நவம்பர் 9

'செர்ரி ஒயின்' பற்றி ஒரு தங்கை எழுதியிருந்தாள்: 'எங்கள் கல்யாண ஆல்பத்துக்கு அந்தப் பாட்டுதான் போட்டோம், அவ்வளவு இனிமை.'

தங்கச்சி, திரும்பக் கேள்.

அடிக்கிற பெண்ணிடம் மாட்டிக்கொண்ட ஒருவன், அவளை விட்டுக்கொடுக்காமல், அடியையும் அன்பாகக் கணக்கெழுதிக்கொண்டு பாடுகிற பாட்டு அது. 2016இல் வந்த அதன் காணொளியில் சர்ஷா ரோனன் நடித்தார், பாட்டின் வருமானம் குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கான அமைப்புகளுக்குப் போனது. ஆல்பத்தில் அதைக் கேட்டால் பின்னால் பறவைச் சத்தம் கேட்கும், அறைக்குள் பதிவு செய்ததில்லை. விரலால் கிட்டாரை அவ்வளவு மென்மையாக மீட்டுவதுதான் பொறி. காது இனிக்கிறது என்று நாம் உட்கார்ந்துவிடுகிறோம், அந்த வீட்டுக்குள் இருக்கிறவனும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறான்.

2024இல் பல ஊர்களில் கூட்டத்தின் நடுவே இருந்த சின்ன மேடைக்கு வந்து இதைத் தனியாகப் பாடினார். இசைக்குழு எல்லாம் தூரத்துப் பெரிய மேடையில் இருட்டில் நிற்கும். ஒலிக்காரனுக்கு இது வயிற்றைக் கலக்குகிற ஏற்பாடு. ஸ்பீக்கர் வரிசைக்கு முன்னால் வந்து மைக்கைத் திறந்தால் எப்போது வேண்டுமானாலும் கூவும். கூவாமல் இருக்க ஒலியளவைக் குறைப்பார்கள். குறைத்ததும் கூட்டம் தானாகவே வாயை மூடிக்கொள்ளும், பாட்டு கேட்க வேண்டுமே. அண்ணன் எதிர்பார்க்க வேண்டிய நேரம் இதுதான். பீர் குடிக்கிற இத்தனை ஆயிரம் பேர் இருமாமல் நிற்பதை வேறெங்கும் பார்க்கக் கிடைக்காது.

அந்த நேரத்தில் ஜோடி ஜோடியாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடுகிறவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் போய் அர்த்தம் சொல்லாதீர்கள். நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

நவம்பர் 10

என்ன ஆனது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பையன் 'தெரியும்' என்றான். அவ்வளவுதான். எனக்குத்தான் பேச்சு நின்றுபோனது.

நவம்பர் 14

'நீனா க்ரைட் பவர்' பாட்டுக்கு முன்னால் அவர் பேசுவது தேவையா என்று ஒரு சண்டை ஓடுகிறது. 'காசு கொடுத்துப் பாட்டுக் கேட்க வந்தோம், அரசியல் வகுப்புக்கு இல்லை. அதையும் எல்லா ஊரிலும் அதே மாதிரி பேசுகிறார், மனப்பாடம்' என்பது குற்றச்சாட்டு.

முதலில் என்ன பேசுகிறார் என்பது. அந்தப் பாட்டு 2018இல் வந்தது, மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பினப் பாடகி கூடப் பாடியிருக்கிறார். நீனா சிமோன், பில்லி ஹாலிடே என்று எதிர்ப்புப் பாட்டுக்காரர்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகும். மேடையில் அவர் சொல்லும் தொடர்பு இது: அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பார்த்துத்தான் வட அயர்லாந்தில் கத்தோலிக்கர்கள் வீட்டுக்கும் வாக்குக்கும் வேலைக்கும் தெருவில் இறங்கினார்கள். 1968 அக்டோபரில் டெர்ரி ஊர்வலத்தில் போலீஸ் தடியடி. 1969 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட்டில் இருந்து டெர்ரிக்கு மாணவர்கள் நடந்தார்கள், அமெரிக்காவில் கறுப்பின மக்கள் செல்மாவில் இருந்து மான்ட்கோமரிக்கு நடந்ததை முன்மாதிரியாக வைத்து. பாடியதும் அங்கிருந்து வந்த 'வீ ஷல் ஓவர்கம்' பாட்டைத்தான். காஸா பற்றியும் பேசினார். டப்ளினில் அதற்கு எழுந்த சத்தம் பல பாட்டுகளுக்கு எழுந்ததைவிடப் பெரியது.

ப்ளூஸும் காஸ்பல் என்கிற தேவாலயப் பாட்டும் கறுப்பின மக்களின் சொத்து, விக்லோவில் பிறந்த வெள்ளைக்காரப் பையன் அதில் சம்பாதிக்கிறானே என்கிற கேள்வி நியாயமானது. அந்தப் பேச்சு அந்தக் கேள்விக்கான பதிலும்கூட என்று எனக்குப் படுகிறது. யாரிடமிருந்து எடுத்தேன் என்று பெயர் சொல்லிவிட்டுப் பாடுகிறார். கணக்கு அதோடு தீர்ந்துவிடுமா? தீராது. ஆனால் பெயரே சொல்லாமல் பாடிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்.

மனப்பாடம் என்பது சரிதான். மனப்பாடம்தான்.

நவம்பர் 15

மேலே எழுதியதைக் காலையில் படித்தேன், அந்தக் கடைசி வரி ரொம்பத் துண்டாக இருக்கிறது. விரிக்கிறேன்.

மெல்லிசைக் குழுக்களுக்கு மைக் செட் போட்டபோது, ஒரே பாடகர் ஒவ்வொரு ஊரிலும் 'இந்த மாதிரி ரசிகர்களை நான் பார்த்ததே இல்லை' என்று சொல்வதை மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எந்த இடத்தில் மூச்சு விடுவார் என்பதுகூட அத்துபடி. சிரிப்பாக வரும். ஹோசியர் பேச ஆரம்பித்தபோதும் அதே சிரிப்புத்தான் முதலில் வந்தது.

ஆனால் 1968 என்பது எல்லா ஊரிலும் 1968தான். ஊருக்கு ஒரு வரலாறா சொல்ல முடியும்? முகஸ்துதியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது பொய்யாகிறது, நடந்ததைச் சொன்னால் ஆவதில்லை. எனக்கு இது போதும். ஏற்காதவர்கள் அந்த நேரத்தில் பாத்ரூம் போய் வரலாம், வரிசையும் இருக்காது.

நவம்பர் 16

டிக்கெட் விவகாரம், சுருக்கமாக. பெரிய அரங்குகளில் நடக்கும் நிகழ்ச்சிகளின் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது அயர்லாந்தில் 2021 சட்டப்படி குற்றம். இரண்டு மடங்கு கேட்கிறவனிடம் வாங்காதீர்கள், பொய் டிக்கெட்டாகவும் இருக்கலாம். என்னிடம் அப்படி ஒருவன் முகநூலில் வந்தான், முன்பணம் கேட்டான், நான் சட்டத்தின் பெயரைச் சொன்னதும் கணக்கையே மூடிவிட்டுப் போய்விட்டான்.

போக்குவரத்து: லுவாஸ் டிராமில் சிவப்பு வழித்தடத்தின் கடைசி நிறுத்தம் அரங்கின் வாசலிலேயே இருக்கிறது. திரும்பும்போது அங்கேயே நின்று இடித்துக்கொள்ளாமல் ஆற்றோரமாக நகர மையம் நோக்கி நடந்துவிடுங்கள். குளிரும், ஆனால் கூட்டம் வழியெல்லாம் பாடிக்கொண்டே நடக்கும், அதுவும் கச்சேரியில் சேர்த்திதான். பெரிய கைப்பை வேண்டாம். அண்ணி இருக்கிறார்கள் என்றால் தரையில் நிற்கும் டிக்கெட் எடுக்காதீர்கள். ஐரிஷ்காரர்கள் சராசரியாகவே உயரம், அண்ணிக்கு முதுகுதான் தெரியும்.

நவம்பர் 21

இதைச் சொல்லத்தான் இத்தனை நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

நிகழ்ச்சி முடியும் தறுவாயில், கடைசிப் பாட்டுக்கு முன்னால், அவர் பெயர்களைச் சொல்ல ஆரம்பிப்பார். இசைக்குழு அறிமுகம் என்று நினைத்துக் கை தட்டுவோம். அது முடிந்தும் நிறுத்தமாட்டார். ஒலி, விளக்கு, மேடைக் கட்டுமானம், கிட்டார் பழுது பார்ப்பவர், சமையல், வண்டி ஓட்டுபவர்கள் என்று ஒவ்வொரு ஆளாகப் பெயர் சொல்லி வருவார். நிமிடக்கணக்கில் போகும். 'செம போர், அந்த நேரத்தில் இன்னொரு பாட்டுப் பாடியிருக்கலாம்' என்று இங்கேயே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்.

நம் ஊர் மேடையிலும் நன்றியுரை உண்டு. 'ஒலி ஒளி அமைத்துக் கொடுத்த சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர் அவர்களுக்கும்' என்று வரும், கடைசிக்கு முந்தின வரியாக. அதற்குள் கூட்டம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். உரிமையாளருக்குத்தான் நன்றி. குழாயோடு வேப்ப மரத்தில் ஏறினவனுக்கு இல்லை. ஒரு வருடம் கொடைத் திருவிழாவில் மழை வந்து, ஜெனரேட்டரைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டு விடிய விடிய நின்றேன். கச்சேரி நிற்கவில்லை. மறுநாள் பாடகி கார் ஏறும்போது என்னிடம்தான் 'தம்பி, இந்தப் பெட்டியைத் தூக்கி வை' என்றார்.

அன்றைக்கு த்ரீ அரீனாவில் சமையல்காரர் பெயரைச் சொல்லும்போது, அதற்கும் பதின்மூன்றாயிரம் பேர் கத்தினார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. 'செர்ரி ஒயின்' என்னை ஒன்றும் செய்யவில்லை, 'டேக் மீ டு சர்ச்' ஒன்றும் செய்யவில்லை. கூட வந்த நண்பன் 'என்னடா, லாரி டிரைவர் பேருக்கா அழறே' என்று இன்றுவரைக்கும் ஓட்டுகிறான்.

நவம்பர் 22

ஆமாம், 'டேக் மீ டு சர்ச்' ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்பீர்கள். 2013இல் விக்லோ வீட்டின் பரணில் உட்கார்ந்து பதிவு செய்த பாட்டு, உலகம் முழுக்க ஓடியது, மதத்தின் பெயரால் காதலைப் பாவமாக்குவதைக் கேள்வி கேட்டது. 2015 மே மாதம் இதே நாட்டில் ஒருபால் திருமணத்துக்கான வாக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அந்தத் தலைமுறைக்கு அது வெறும் பாட்டு இல்லை. அரங்கில் வானவில் கொடிகள் எழும்போது பார்த்தால் தெரியும். எனக்குச் சுற்றி இருந்தவர்களைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது, பாட்டைக் கேட்டதாகவே ஞாபகம் இல்லை. சரணங்களில் தாளம் இடையிடையே மாறும், கைதட்ட முயன்றவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நவம்பர் 24

நான்கு வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா என்று புதிதாக ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். வயது வரம்பு டிக்கெட்டிலேயே போட்டிருக்கும், அதைப் பாருங்கள். வரம்பு இல்லாவிட்டாலும் அந்த ஒலியளவு சின்னக் காதுக்கு ஆகாது. பெரியவர்களுக்கே நான் காதடைப்பான் போடச் சொல்வேன். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை வகை போதும், விரலால் உருட்டிச் செருகிவிட்டு இருபது, முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். மெதுவான பாட்டுக்கு ஒரு பக்கம் எடுத்துவிடலாம்.